சிவப்புத் துணி கட்டிய கார்

எங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்களிலேயே மூத்ததற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மாமியார். மஞ்சள் நிறம், பித்தளை விளக்குகள், மடக்கி விரிக்கும் துணிக் கூரை, கதவுக்குக் கீழே மிதித்து ஏற நீளப் பலகை. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் ஊர் ஒரு பக்கம் போனால் அது எதிர்ப்பக்கம் போகும். மற்ற கார்களில் இடது ஓரத்தில் கிளச், நடுவில் பிரேக், வலது ஓரத்தில் ஆக்சிலேட்டர். மாமியாருக்கு நடுவில் ஆக்சிலேட்டர், வலது ஓரத்தில் பிரேக். அந்தக் காலத்தில் கார் செய்தவர்கள் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நாங்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம்.

நான் அங்கே சீட் தைப்பவள். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உட்காரும் இடம்தான். ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை, யார் ஓட்டினாலும் பயம். பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்குத் திறந்துகொள்ளும். கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அருங்காட்சியகத்தின் ஒரே டிரைவர் அவர்தான். எங்கள் ஒரே மகளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்குக் கார்களைச் சுற்றிக்காட்டிக் கதை சொல்வாள். தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். குடும்பமே பழைய இரும்புக்கு வாக்கப்பட்டுவிட்டது என்று என் அக்கா கேலி செய்வாள்.

மாமியாரின் ஸ்டியரிங்கில் எப்போதும் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். சீட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டில் நானே ஓரம் அடித்துத் தைத்தது. மாமியாரை ஓட்டி முடித்து இறங்குகிறவர் அந்தத் துணியை அவிழ்த்துத் தன் வலது மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கையில் அன்றைக்கு யாரும் வேறு வண்டியின் சாவியைக் கொடுக்கக் கூடாது. வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். ராத்திரி தூங்கி எழுந்தால்தான் கால் மறக்கும் என்பது எங்கள் இடத்துச் சட்டம்.

சும்மா வந்த சட்டம் இல்லை அது. இவருக்கு முன்னால் இருந்த டிரைவர் ஒரு நாள் முழுக்க மாமியாரை ஓட்டிவிட்டு, சாயங்காலம் தன்னுடைய காரில் மனைவியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்துவதற்காக வலது ஓரத்தில் இருப்பதை அழுத்தினார். கார் நிற்காமல் பாய்ந்ததும், பதறிப்போய் இன்னும் பலமாக அழுத்தினார். அவர் மட்டும்தான் உயிரோடு வந்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை. எங்கே போனாலும் நடந்துதான் போவார்.

நான் சொல்ல வந்தது நடந்த அன்று அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. அடுத்த வாரம் ஆண்டு விழா, மாமியார் ஊரைச் சுற்றி வரப்போகிறது. அதற்காகப் பாப்பா ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்ட வைத்திருந்தாள். மாமியாரின் படம் போட்டு, 'தெருவில் எங்கள் காரைப் பார்த்தால் கையசைத்து நிறுத்துங்கள்! பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்!' என்று அவளே எழுதியது.

"என்னடி இது, தேதி எறும்பு மாதிரி இருக்கு? யாரு கண்ணுக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"படம்தாம்மா முக்கியம். தேதியெல்லாம் தேவைப்பட்டவங்க தேடிப் படிச்சுப்பாங்க" என்றாள்.

காப்பாட்சியர் அம்மா ஏதோ அனுமதி வாங்க வெளியூர் போயிருந்தார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் வாட்ச்மேன் அண்ணனும்தான், இவரைத் தவிர யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. இவர் காலையிலிருந்து மாமியாரை முற்றத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகிவிட்டு, நிறுத்தி, இறங்கி, சிவப்புத் துணியை அவிழ்த்து என்னிடம் வந்து வலது கையை நீட்டினார். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராது, அதனால் எப்போதும் நான்தான் கட்டிவிடுவேன்.

"நல்லா கேட்டுக்கோ, இன்னிக்கு மாமியார் ரொம்ப சாந்தம்" என்றார்.

"உங்க அம்மாவையும் நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்று முடிச்சை இறுக்கினேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பின்கொட்டகையிலிருந்து பாப்பா அலறினாள்.

பல மாதமாக உறை போட்டு மூடி வைத்திருந்த நீலக் காரின் துணிக் கூரையை விரித்துப் பார்க்கப் போயிருக்கிறாள். அந்த மடிப்புக்குள் குளவிகள் கூடு கட்டியிருந்தன. நாங்கள் ஓடுவதற்குள் துப்பட்டாவை வீசிக்கொண்டு அவளே வெளியே ஓடி வந்துவிட்டாள். கழுத்தில் இரண்டு இடம், காதுக்குப் பின்னால் ஒன்று, உதட்டில் ஒன்று.

பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரே ஒரு குளவி கொட்டியதற்கே கை தோள்வரை வீங்கி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தடவை கொட்டினால் மூச்சுக்குழாயே அடைத்துக்கொள்ளும், தாமதிக்காமல் ஊசி போட வேண்டும் என்று அன்றைக்கே டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தோம். பூச்செடிகூட வைக்கவில்லை. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்தோம்.

"ஒண்ணும் இல்லம்மா, எரியுது, அவ்வளவுதான்" என்று பாப்பா சொன்னாள். சொல்லும்போதே குரல் மாறிவிட்டது. தொண்டைக்குள் யாரோ பஞ்சை அடைத்ததுபோலக் கேட்டது. உதடு என் கண்ணெதிரே வீங்கியது. அவளை முற்றத்தில் மரத்தடியில் உட்கார வைத்து மார்போடு சாய்த்துக்கொண்டேன். கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்துகொண்டே வந்தது.

வாட்ச்மேன் அண்ணன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. "ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட மாட்டிக்கிட்டிருக்காம்மா. வர நேரமாகுமாம். நீங்களே தூக்கிட்டு வந்துடுங்கன்னு சொல்றாங்க."

எங்கள் அருங்காட்சியகம் மேட்டில் இருக்கிறது. விடுமுறை நாளில் அங்கே ஒரு ஆட்டோகூட எட்டிப் பார்க்காது. ஆஸ்பத்திரி கீழே, ஊருக்குள்.

"வேன் சாவி!" என்று இவர் கையை நீட்டினார்.

வாட்ச்மேன் அண்ணன் சாவியை எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை. நீட்டிய கையில் சிவப்புத் துணி இருந்தது. அவர் துணியைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். இவர் பல்லால் முடிச்சைக் கடித்துப் பிய்த்துத் துணியைத் தரையில் வீசிவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

அருங்காட்சியகத்து வேன் முற்றத்தின் அந்தக் கோடியில் நின்றது. எங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் பாப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். வேன் திரும்பி எங்களை நோக்கி வந்தது. கிட்டே வந்ததும் வேகம் குறைய வேண்டும். குறையவில்லை. உறுமிக்கொண்டு பாய்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கை மிதிக்கிறவரின் முகம். எனக்கு எழுந்திருக்க வரவில்லை. பாப்பாவின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். வேன் எங்களைத் தாண்டிப் போய், தீயணைக்க மணல் நிரப்பி வைத்திருந்த பீப்பாயில் மோதி நின்றது. முன்விளக்கு உடைந்தது, வேறொன்றும் ஆகவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் முழங்கைக்குப் பக்கத்தில் மண்ணில் சக்கரத்தின் தடம் இருந்தது.

"யோவ், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா! பெத்த பொண்ணு மேலயே ஏத்தப் பார்த்தியே!" என்று கத்தினேன். அவரை நான் யோவ் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "இல்ல, இல்ல, இப்ப பார்த்து ஓட்டுறேன். காலைப் பார்த்துட்டே ஓட்டுறேன். தூக்கு அவளை!"

"காலைப் பார்த்தா ரோட்டை யாரு பார்க்கிறது?"

அவர் வேனைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். வேன் குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. திறந்த கதவு வழியாக அவர் கால் எனக்குத் தெரிந்தது. நடுவுக்கும் ஓரத்துக்கும் அல்லாடிக்கொண்டிருந்தது. ரயில்வே கேட் ஞாபகம் வந்தது. அந்த டிரைவரும் பார்த்துத்தான் ஓட்டியிருப்பார். அவருக்கும் பொண்டாட்டி மேல் பாசம் இல்லாமலா இருந்திருக்கும்?

பாப்பா மூச்சை இழுத்தபோது சைக்கிள் டியூபில் காற்று கசிவதுபோல ஒரு சத்தம் வந்தது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்கள் வீங்கிக் கோடாகிவிட்டன. "அம்மா, பயமா இருக்கு" என்று சொல்ல முயன்றாள். பாதிதான் வெளியே வந்தது.

எதிரே மாமியார் நின்றது. இன்ஜின் சூடு இன்னும் ஆறவில்லை.

"ஏங்க, இறங்குங்க. அதை எடுங்க" என்றேன்.

"எதை?"

"மாமியாரை. உங்க காலுக்கு இன்னிக்குத் தெரிஞ்ச வண்டி அது ஒண்ணுதான்."

"பைத்தியமா உனக்கு? அதுக்குப் பின்சக்கரத்துல மட்டும்தான் பிரேக். இறக்கத்துல ஆளை ஏத்திட்டுப் போனதே இல்ல. விழாவுக்குக்கூட லாரில ஏத்தித்தான் கீழ கொண்டு போறதா இருந்தோம்."

"அது பிடிக்காம போனா பிரேக் மேல தப்பு. வேன் நிக்காம போனா உங்க கால் மேல தப்பு. எதை நம்புறீங்க?"

அவர் வேனை விட்டுக் குதித்து மாமியாரின் முன்னால் போய், இன்ஜினைக் கிளப்பும் சுழற்றுக் கம்பியைப் பிடித்தார். ஒரே இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் அண்ணனும் நானும் பாப்பாவைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டோம். போன மாதம் நான் தைத்த சீட். நான் தரையில் கிடந்த சிவப்புத் துணியை எடுத்து ஸ்டியரிங்கில் சுற்றிவிட்டு ஏறினேன். ஏன் அதைச் செய்தேன் என்று தெரியாது. கை தானாகச் செய்தது.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுங்கண்ணே! குளவின்னு சொல்லுங்க! ஊசியைத் தயாரா வெச்சிருக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அருங்காட்சியகத்து வாசலைத் தாண்டியதும் இறக்கம். அவர் சின்ன கியரில் போட்டு இன்ஜினின் இழுப்பிலேயே இறக்கினார். இன்ஜின் வலி தாங்காமல் கத்தியது. வலது காலை ஓரத்தில் அழுத்துவதும் தளர்த்துவதுமாக, இடையிடையே வெளிப்பக்கம் இருந்த கை பிரேக்கையும் இழுத்தார். கால் தடுமாறவில்லை. அதை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஆனால் எருமை நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்த எங்களுக்கு அடியிலிருந்து கருகிய வாடை வரத் தொடங்கியது.

இன்ஜின் சத்தத்தில் பாப்பாவின் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. உள்ளங்கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். ஏறியது, இறங்கியது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையில் ஒவ்வொரு முறையும் நான் செத்துப் பிழைத்தேன். இன்னொரு கையை முன்னால் எட்டி நீட்டி ரப்பர் பந்து ஹாரனை விடாமல் பிழிந்தேன். வளைவில் எதிரே பஸ் ஏறி வந்தது. இவர் ஓரங்கட்டினார். பள்ளத்துப் பக்கம் சக்கரம் கல்லைத் தட்டிவிட, அந்தக் கல் கீழே உருண்டு போவது வெகுநேரம் தெரிந்தது. பஸ்ஸிலிருந்த ஜனங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள்.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. இறக்கம் முடிந்து கடைத்தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் புரிந்தது. சுவரெல்லாம் மாமியாரின் படம். ஊர் முழுக்க அது சொல்லிக்கொண்டிருந்தது, நிறுத்துங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

"ஏய், அந்தக் கார் வருதுடா!"

ஜனங்கள் கடைகளிலிருந்து இறங்கி வந்தார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்கள். நான் ஹாரனைப் பிழியப் பிழிய அவர்கள் கைதட்டினார்கள். "வழி விடுங்க! பொண்ணுக்கு மூச்சு விட முடியல! வழி விடுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். திறந்த காரில் நின்றுகொண்டு கத்துகிற பெண்ணைப் பார்த்து ஒருவர் தன் மனைவியிடம், "நாடகம் மாதிரி போடுறாங்க போல" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. பாப்பா வீங்கிய முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று துப்பட்டாவால் மூடிக்கொண்டிருந்தாள். அந்தக் கோலத்தில் அவள் ஏதோ பழங்காலத்துச் சீமாட்டி வேஷம் போட்டதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

இவர் நின்று நின்று ஓட்டினார். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் கார் முந்தைய தடவையைவிடச் சற்றுத் தள்ளிப் போய்த்தான் நின்றது. "பிரேக் இளகுது. இன்னும் நாலு பேரு குறுக்க வந்தா யாரையாவது ஏத்திடுவேன்" என்றார். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக மற்ற வண்டிகளை நிறுத்தினார். நல்ல காலம் என்று நினைத்தேன். எங்களையும் நிறுத்தினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பலகையில் ஒரு காலை வைத்து, எதிரே போன் வைத்திருந்தவனைப் பார்த்து நின்றார்.

என் உள்ளங்கைக்குக் கீழே பாப்பாவின் நெஞ்சு ஏறவில்லை.

ஏறவில்லை. காத்திருந்தேன். ஏறவில்லை. பிறகு ஒரு இழுப்பு, உடம்பையே தூக்கிப் போடுகிற இழுப்பு. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. அவள் முகத்திலிருந்த துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவளை நிமிர்த்திப் போலீஸ்காரரின் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"பாருய்யா! நல்லா பாரு! இதையும் படம் பிடி!"

உதடு நீலம் பாரித்திருந்தது. கண் இருந்த இடம் தெரியவில்லை. என் மகளென்று எனக்கே அடையாளம் தெரியாத முகம். போலீஸ்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கால் தானாகப் பலகையிலிருந்து இறங்கியது. அடுத்த கணம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடத் தொடங்கினார். எதிரே வந்தவர்களை அடிக்காத குறையாக விலக்கினார். ஆஸ்பத்திரித் தெரு முனைவரை ஓடி வந்தார், அதற்கு மேல் அவருக்கு முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, போங்க போங்க என்று கையைக் காட்டினார்.

அந்தத் தெருவும் இறக்கம். சின்னதுதான். பாதியில் கியர் உருவிக்கொண்டது. இவர் திரும்பப் போட்டுப் பார்த்தார், பல்லைக் கடிக்கிற சத்தத்தோடு அது மறுத்தது. கை பிரேக்கை இழுத்தார். ஏதோ கம்பி அறுந்து, பிடி கையோடு தளர்ந்து வந்தது. கார் ஆஸ்பத்திரி வாசலுக்குள் புகுந்து, நோயாளிகளை இறக்கும் மண்டபத்துக்கு நேரே, இவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து எழுந்து நின்று ஒற்றைக் காலில் மிதித்த மிதியில் நின்றது.

ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் தயாராக நின்றிருந்தார்கள். வாட்ச்மேன் அண்ணன் நன்றாக இருக்க வேண்டும். பாப்பாவை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நானும் பின்னால் ஓடினேன். பின்னாலிருந்து இவர் ஏதோ கத்தினார். திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

தொடையில் ஊசி போட்டார்கள். மூக்கிலும் வாயிலும் குழாய் வைத்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள், நான் போகவில்லை, சுவரோடு ஒட்டி நின்றேன். டாக்டர் முகத்தையே பார்த்தேன். அது எதையும் சொல்லவில்லை. இன்னொரு ஊசி போட்டார்கள். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை, எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன். என் கையில் இன்னும் அவள் நெஞ்சின் சூடு இருந்தது, அதை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து அந்தச் சைக்கிள் டியூப் சத்தம் குறைந்தது. நெஞ்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. டாக்டர் முதல் தடவையாக என்னைப் பார்த்து, "கொஞ்சம் லேட்டாகியிருந்தா கஷ்டம்மா. இப்ப பயம் இல்ல" என்றார்.

பாப்பா கண்ணைக் கீற்றாகத் திறந்தாள். "அப்பா எங்கம்மா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மனிதர் உள்ளே வரவே இல்லை. பெற்ற மகள் உயிருக்குப் போராடும்போது ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. கோபமாக வெளியே வந்தேன்.

மாமியாரைச் சுற்றிக் கூட்டம். நோயாளிகளோடு வந்தவர்கள், துடைப்பத்தோடு ஒரு அம்மா, கட்டுப்போட்ட கையோடு ஒருத்தர், எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவர் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாதி எழுந்த நிலையில் இருந்தார். உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. வலது கால் மட்டும் ஆடவில்லை. அது ஓரத்தில் இருந்த பிரேக்கின் மேல் விறைத்து நின்றது. மண்டபத்துத் தரை சரிவு. சரிவின் அடியில் பெஞ்சு போட்டு, கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கியரும் இல்லை, கை பிரேக்கும் இல்லை. அந்தக் கால் ஒன்றுதான் காரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே ஓடியபோது அவர் கத்தியது, "கல்லு வை" என்று. அதற்குப் பிறகும் சுற்றி இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். குரல் போய்விட்டது. அவர்கள் உதட்டசைவைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறார்கள். மகள் இருக்கிறாளா போய்விட்டாளா என்றுகூடத் தெரியாமல், இறங்கி வந்து கேட்கவும் முடியாமல், அந்த மனிதர் அப்படியே நின்றிருக்கிறார்.

"இருக்காளா?" என்றார். உதடுதான் அசைந்தது.

"இருக்கா. மூச்சு விடுறா. உங்களைத்தான் கேட்டா."

அவர் முகம் அப்படியே உடைந்தது. ஆஸ்பத்திரிப் பூச்செடிகளுக்கு வரப்பாக நட்டிருந்த செங்கற்களைப் பிடுங்கி வந்து முன்சக்கரம் இரண்டுக்கும் முட்டுக் கொடுத்தேன். "வெச்சுட்டேன். காலை எடுங்க."

"வரல" என்றார்.

"எடுங்கன்னா."

"எடுக்கத்தான் பார்க்கிறேன். வரல. கால் கேக்க மாட்டேங்குது."

நான் பலகையில் மண்டியிட்டு உள்ளே குனிந்து, இரண்டு கையாலும் அவர் காலைப் பிடித்தேன். மரக்கட்டையாக இருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரிப்பதுபோல, முதலில் குதிகால், பிறகு பாதம் என்று மெல்ல மெல்லத் தூக்கினேன். கார் ஒரு விரற்கடை நகர்ந்தது. தாய்மார்களைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். செங்கல்லில் சாய்ந்து நின்றுவிட்டது.

"அக்கா, அப்படியே ஒரு போட்டோ" என்றான் ஒருவன். திட்டுவதற்கு எனக்கு வாயே வரவில்லை.

இவர் கீழே இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஸ்டியரிங்கிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து என்னிடம் வலது கையை நீட்டினார். இறுக்கி முடிச்சுப் போட்டேன். பிறகு அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.

அன்று முழுக்கப் பாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இருமும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது.